கடனில் முளைத்த பூ

கல்யாண மேடையில் இன்று ஆர்க்கிட் இல்லாத அலங்காரம் அரிது. தாய்லாந்திலிருந்து வரும் ஊதா நிற டென்ட்ரோபியம் கொத்துகளையும், மலர்க் கண்காட்சியில் மரக்கட்டையோடு கட்டித் தொங்கவிட்ட செடிகளையும் பார்த்துப் பழகியவர்களுக்கு ஆர்க்கிட் என்றால் மரத்தின் மேல் உட்கார்ந்து வேரைக் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் செடிதான். எண்ணிக்கையும் அவர்கள் பக்கமே இருக்கிறது. உலகில் ஏறத்தாழ 28,000 ஆர்க்கிட் இனங்கள். அவற்றில் பத்துக்கு ஏழு மரத்தில் வாழ்பவை. ஆனாலும் இந்தக் குடும்பம் பிறந்தது தரையில்தான். மரம் ஏறியதெல்லாம் வெகுகாலம் கழித்து. ஏறியவற்றிலும் சில கிளைகள் மறுபடி மண்ணுக்கே இறங்கிவிட்டன.

குடும்ப மரத்தில் முதன்முதலாகப் பிரிந்த கிளையில் இன்று மிஞ்சியிருப்பவை பதினைந்து பதினாறு இனங்கள். அப்போஸ்டேசியா, நியூவீடியா என இரண்டே பேரினங்கள். இலங்கையின் மழைக்காட்டிலிருந்து ஜப்பான், வட ஆஸ்திரேலியா வரை காட்டுத் தரையின் நிழலில் வளர்கின்றன. கண்ணில் பட்டாலும் யாரும் ஆர்க்கிட் என்று சொல்ல மாட்டார்கள். ஆறு இதழ்களும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். ஆர்க்கிட்டின் அடையாளமான பகட்டான உதட்டிதழ் கிடையாது. மகரந்தம் மற்றப் பூக்களில் போலத் தூளாகவே உதிரும். 2017-இல் சீனாவின் ஷென்ஜென் ஆய்வாளர்கள் முன்னின்று அப்போஸ்டேசியாவின் முழு மரபணுத் தொகுதியையும் வாசித்து வெளியிட்டார்கள். குடும்பம் பிறந்த காலத்தை ஒட்டி அந்தத் தொகுதி ஒருமுறை முழுதாக இரட்டித்திருப்பதும், எல்லா ஆர்க்கிட்டுகளும் அந்த இரட்டிப்பின் வாரிசுகள் என்பதும் அதில் தெரிந்தது. ஒவ்வொரு மரபணுவுக்கும் உபரியாக ஒரு படி கிடைத்தால், ஒன்றைப் பழைய வேலைக்கு விட்டுவிட்டு மற்றதில் புதிதாக ஏதாவது செய்து பார்க்கலாம். பின்னால் வந்த உதட்டிதழ் ஜாலங்களின் முதலீட்டில் ஒரு பங்கு அங்கிருந்து வந்திருக்கலாம்.

எப்போது பிறந்தது என்று சொல்வதுதான் நெடுநாள் சிக்கலாக இருந்தது. ஆர்க்கிட்டின் மகரந்தம் காற்றில் பறந்து ஏரிப் படிவுகளில் சேர்வதில்லை. செடியும் மெல்லியது, கல்லில் எளிதில் பதியாது. ஐயத்துக்கு இடமில்லாத முதல் புதைபடிவம் 2007-இல்தான் வெளியானது. டொமினிக்கன் குடியரசில் கிடைத்த அம்பர் பிசின் கட்டி அது. வயது ஒன்றரைக் கோடியிலிருந்து இரண்டு கோடி ஆண்டுகள். உள்ளே ஒரு கொடுக்கில்லாத கொசுத் தேனீ, அதன் முதுகில் ஒட்டிய நிலையில் ஆர்க்கிட் மகரந்தக் கட்டி. கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய சரக்கோடு வழியிலேயே பிசினில் சிக்கிவிட்டது. மெலியார்க்கிஸ் என்று பெயரிடப்பட்ட அந்தச் செடி பெரும்பாலும் தரையில் வளரும் ஒரு கிளையைச் சேர்ந்தது. அதைப் பிடிமானமாக வைத்து மரபணுக் கடிகாரத்தைத் திருப்பியபோது, இன்றைய ஆர்க்கிட்டுகளின் பொது மூதாதைக்கு 7.6 முதல் 8.4 கோடி ஆண்டு வயது வந்தது. 2024-இல் கியூ தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்கள் முன்னின்று, இன்னும் பெரிய குடும்ப மரத்தை வரைந்து 8.3 கோடி என்றார்கள். டைனோசர்கள் இருந்த காலம். அதுவரை தெற்குக் கண்டங்களையே பிறப்பிடமாகச் சொல்லி வந்தார்கள். இந்த ஆய்வு வடக்கே இருந்த லாரேசியப் பெருநிலத்தைக் காட்டியது. இன்றுள்ள இனங்களில் பெரும்பாலானவை கடைசி 50 லட்சம் ஆண்டுகளில் தோன்றியவை என்றும் சொன்னது. குடும்பம் பழையது, உறுப்பினர்கள் புதியவர்கள்.

இந்தக் குடும்பத்தை மற்றச் செடிகளிலிருந்து பிரித்தது எது என்று கேட்டால் பூவைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். நான் விதையைக் காட்டுவேன். நெல்லோ அவரையோ, தாய்ச்செடி தன் விதைக்குள் கட்டுச்சோறு வைத்துத்தான் அனுப்புகிறது. ஆர்க்கிட் எதையும் வைப்பதில்லை. சில நூறு செல்கள், சுற்றிலும் காற்றடைத்த ஒரு சல்லடைத் தோல், அவ்வளவுதான். விரலில் தொட்டால் தூசி. மண்ணில் விழுந்து நீரை உறிஞ்சிப் பருத்தாலும், அதற்கு மேல் வளர அதனிடம் கையிருப்பு இல்லை. யாராவது ஊட்ட வேண்டும். ஊட்டுவது பூஞ்சை.

இது தெரியவந்த விதம் சொல்லத் தகுந்தது. 1862-இல் ஆர்க்கிட் பூக்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் சார்லஸ் டார்வின் ஒரு கணக்குப் போட்டார். இங்கிலாந்துப் புல்வெளிகளில் சாதாரணமாக வளரும் புள்ளி ஆர்க்கிட் ஒன்றின் காயில் 6,200 விதை. செடிக்கு முப்பது காய். ஆகமொத்தம் சுமார் 1,86,000 விதை. அத்தனையும் முளைத்துச் செடியானால், அந்த ஒற்றைச் செடியின் கொள்ளுப்பேரன்கள் காலத்தில் உலகின் நிலப்பரப்பு முழுக்க ஆர்க்கிட் கம்பளம் விரித்துவிடும். அப்படி ஏன் ஆகவில்லை? எது தடுக்கிறது என்று தெரியவில்லை என்று டார்வினே ஒப்புக்கொண்டார். பூவின் ஒவ்வொரு மடிப்பையும் விளக்கிய மனிதருக்கு விதை கைவரவில்லை.

விடை 1899 மே 3 அன்று பாரிஸுக்குத் தெற்கே ஃபோன்டென்புளோ காட்டில் கிடைத்தது. நோயல் பெர்னார் அப்போது இருபத்தைந்து வயது இளைஞர். ராணுவச் சேவையில் இருந்தார். சருகுக்கு அடியில் புதைந்துபோன ஒரு பறவைக்கூட்டு ஆர்க்கிட்டின் தண்டு அவர் கண்ணில் பட்டது. முந்தைய ஆண்டின் காய் வெடிக்காமல் அப்படியே மண்ணுக்குள் போயிருந்தது. அதற்குள்ளேயே விதைகள் முளைத்திருந்தன. முளைத்த ஒவ்வொன்றிலும் பூஞ்சை இழைகள் புகுந்திருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் பூஞ்சையைத் தனியாகப் பிரித்தெடுத்து, அதைச் சேர்த்தால் விதை முளைக்கும், சேர்க்காவிட்டால் முளைக்காது என்று குப்பிக்குள் செய்து காட்டினார். உற்சாகத்தில் உருளைக்கிழங்கு கிழங்கு வைப்பதும் பூஞ்சையால்தான் என்று நம்பினார். அது நிற்கவில்லை. ஆர்க்கிட் விஷயத்தில் சொன்னது நின்றது. 1911-இல், நாற்பது வயதைத் தொடாமலே அவர் இறந்துபோனார்.

உள்ளே நடப்பது இது. பூஞ்சை இழை விதைக்குள் நுழைந்து, செல்லுக்குள் நூல்கண்டு போலச் சுருண்டுகொள்கிறது. அந்தச் சுருளிலிருந்து இளஞ்செடி சர்க்கரையை வாங்கிக்கொள்கிறது. கடைசியில் சுருளையே செரித்துவிடுகிறது. இலையும் வேரும் இல்லாத ஒரு சிறு உருண்டையாக மாதக்கணக்கில், சில இனங்களில் ஆண்டுக்கணக்கில், இருட்டிலேயே இந்த வாழ்க்கை. பெரும்பாலான நிலத் தாவரங்களும் பூஞ்சையோடு கூட்டு வைத்திருக்கின்றன, ஆனால் அங்கே செடிதான் சர்க்கரை தருகிறது; பூஞ்சை பதிலுக்குப் பாஸ்பரஸ் கொண்டுவருகிறது. ஆர்க்கிட்டின் முன்னோர் அந்தப் பழைய கூட்டாளியை விட்டுவிட்டு, சருகையும் மட்கையும் தின்று வாழும் வேறு பூஞ்சைகளிடம் போனார்கள். சொந்தமாகச் சம்பாதிக்கத் தெரிந்தவனிடம்தானே கடன் வாங்க முடியும்? குடும்பத்தின் உண்மையான பிறந்த நாள் இந்த மாற்றம்தான் என்பது என் எண்ணம். மட்கு மண்டிய தரையைத் தவிர வேறெங்கும் அது நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வாங்கிய கடனை எல்லோரும் திருப்பித் தராமல் இல்லை. 2006-இல் குட்யேரா என்ற சிறிய தரை ஆர்க்கிட்டை வைத்துச் செய்த சோதனையில், பச்சை இலை விட்டு வளர்ந்த செடியிலிருந்து பூஞ்சைக்குக் கரிமம் திரும்பிப் போவது தெரிந்தது. தராமலே காலம் தள்ளுபவையும் உண்டு. பெர்னார் கண்ட பறவைக்கூட்டு ஆர்க்கிட்டுக்கு வாழ்நாள் முழுக்கப் பச்சையமே வேலைக்கு ஆகாது. அதன் பூஞ்சை பக்கத்திலுள்ள பீச் போன்ற மரங்களின் வேரோடும் இணைந்திருக்கிறது. மரம் சமைத்த சர்க்கரை பூஞ்சை வழியாக ஆர்க்கிட்டுக்கு வந்து சேர்கிறது. இதன் உச்சம் மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 1928-இல் காரிஜின் என்ற ஊரருகே ஒரு விவசாயியின் நிலத்தில் மண்ணுக்கு அடியில் ஒரு பூ கிடைத்தது. ரைசாந்தெல்லா என்ற அந்தச் செடி முளைப்பது, வளர்வது, பூப்பது எல்லாமே பூமிக்குள்தான். ஒரு வகை மெலலூக்கா புதரின் வேரோடு உறவுள்ள பூஞ்சைதான் அதற்குச் சோறு. செடி என்ற சொல்லுக்கு நாம் வைத்திருக்கும் இலக்கணத்தில் எதற்கும் அது கட்டுப்படவில்லை.

தோட்டக்காரர்கள் விஞ்ஞானிகளுக்கு முன்பே இதைத் தடவித் தடவித் தெரிந்துகொண்டிருந்தார்கள். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் வீச் நாற்றங்காலில் ஜான் டொமினி என்பவர் கேலந்தே என்ற தரை ஆர்க்கிட்டின் இரண்டு இனங்களைக் கலந்தார். 1856-இல் அது பூத்தது. மனிதன் உருவாக்கிப் பூக்கவைத்த முதல் கலப்பின ஆர்க்கிட் அதுதான். கலந்த இரண்டு இனங்களும் நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளின் நிழலிலும் வளர்பவை. விதையைத் தாய்ச்செடி நிற்கும் தொட்டி மண்ணிலேயே தூவினால் ஒன்றிரண்டு முளைக்கும் என்பது அந்தக் காலத்துத் தொழில் நுணுக்கம். ஏன் என்று யாருக்கும் தெரியாது. பூஞ்சை அந்த மண்ணில்தானே இருந்தது! 1922-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நட்சன், பூஞ்சை இல்லாமலே, சர்க்கரை கலந்த அகார் கூழில் விதையை முளைக்கவைத்தார். பூஞ்சை தருவதைப் புட்டியில் தந்துவிட்டார். கல்யாண மேடை ஆர்க்கிட்டுகளின் வியாபாரம் அந்தப் புட்டியிலிருந்துதான் கிளம்பியது. காட்டு ஆர்க்கிட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

விதைக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம்? கட்டுச்சோறு வைக்க வேண்டியதில்லை என்றானதும் விதையைத் தூசியாக்கி ஆயிரக்கணக்கில் செய்ய முடிகிறது. ஆயிரக்கணக்கான சூல்களுக்கு ஆயிரக்கணக்கான மகரந்தமணி வேண்டும். அதைத் தூளாகச் சிந்தாமல் மொத்தமாகக் கட்டி, ஒரே பூச்சியின் தலையில் ஒரே தடவையில் ஏற்றிவிட்டால் காரியம் முடிந்தது. டார்வின் கென்ட் மாவட்டத்து வீட்டில் ஊதா ஆர்க்கிட் பூ ஒன்றுக்குள் கூரிய பென்சிலை விட்டு எடுத்தார். நுனியில் மகரந்தக் கட்டி கொம்பு போல ஒட்டிக்கொண்டு வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சுமார் முப்பது விநாடியில், கட்டி தொண்ணூறு பாகை முன்பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்து நின்றவரை அது அடுத்த பூவின் சூல்முடியில் படாது. சாய்ந்த பிறகு நேரே அங்கே போய் இடிக்கும். அந்த அரை நிமிடத்தில் பூச்சி வேறு செடிக்குப் பறந்திருக்கும். தன் மகரந்தம் தன் மேலேயே படாமலிருக்க இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு எனக்குத் தெரியாது.

ஒரு வருகையே போதும் என்றால் வருகிறவனுக்குக் கூலி எதற்கு? ஆர்க்கிட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு தேனோ வேறெதுவுமோ தராமல் ஏமாற்றுபவை என்பது இன்றைய மதிப்பீடு. 1793-இலேயே ஜெர்மானியர் ஷ்ப்ரெங்கல், சில தரை ஆர்க்கிட்டுகளின் தேன்குழல் வெறும் காலிக் குழல் என்று எழுதினார். டார்வின் நம்பவில்லை. பூச்சிகள் தலைமுறை தலைமுறையாக இப்படி ஏமாறுமா என்று கேட்டு, குழலின் சுவரைத் துளைத்துச் சாற்றைக் குடிக்கின்றன என்று ஒரு விளக்கம் தேடினார். ஷ்ப்ரெங்கல் சொன்னதுதான் சரி. பிறகு வந்தது இன்னும் துணிச்சலான செய்தி. அல்ஜீரியாவில் நீதிபதியாக இருந்த பூயான், ஆப்ரிஸ் என்ற தரை ஆர்க்கிட்டைப் பல ஆண்டுகள் கவனித்து, ஆண் குளவிகள் மட்டுமே அதற்கு வருவதையும், பூவைப் பெண் என்று எண்ணிப் புணர முயல்வதையும் 1916-இல் வெளியிட்டார். மெல்போர்னில் பள்ளி ஆசிரியையாக இருந்த எடித் கோல்மன், 1927-இல், ஆஸ்திரேலியத் தரை ஆர்க்கிட்டான கிரிப்டோஸ்டைலிஸில் அதையே கண்டு எழுதினார். பெண் குளவியின் வாசனையைப் பூ வேதியியலாகவே தயாரிக்கிறது என்பது பின்னால் நிறுவப்பட்டது. நீதிபதி ஒருவரும் ஆசிரியை ஒருவரும் பொறுமையாகப் பார்த்ததில்தான் இது தொடங்கியது.

இனி, எங்கெங்கே போய்ச் சேர்ந்தது? மரத்தில் வாழ்பவை மழையும் வெப்பமும் தவறாத இடங்களைத் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை. தரையில் வாழ்பவற்றுக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் இருக்கிறது. அவற்றில் பலவற்றுக்கு மண்ணுக்குள் இரண்டு கிழங்குகள். ஒன்று இந்த ஆண்டுப் பூவுக்குத் தன்னைக் கொடுத்துச் சுருங்கும். மற்றது அடுத்த ஆண்டுக்காகப் பருக்கும். பனியோ கோடையோ வந்தால் மேலே இருப்பதெல்லாம் காய்ந்துபோகும். சில செடிகள் ஓர் ஆண்டு முழுக்கத் தலைகாட்டாமல் கிழங்காகவே கிடந்துவிட்டு அடுத்த ஆண்டு எழும். அதனால்தான் அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் இவை உண்டு. நியூசிலாந்துக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே, மரமே இல்லாத மேக்வாரி தீவில்கூட இரண்டு இனங்கள் இருக்கின்றன. தூசி விதைக்குக் கடலும் தடையில்லை. 1883-இல் கிரகடோவா எரிமலை வெடித்து எல்லாம் சாம்பலான பின், 1897-இல் போய்ப் பார்த்தவர்களுக்கு ஆர்க்கிட்டுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று ஸ்பேத்தோகுளோட்டிஸ். நம் ஊர் நர்சரிகளில் கிரவுண்ட் ஆர்க்கிட் என்று தொட்டியில் விற்பது அதைத்தான். அது பல பூஞ்சைகளோடு ஒத்துப்போகிற சுபாவம். குறிப்பிட்ட ஒரு கூட்டாளி வேண்டும் என்று அடம்பிடிக்கும் இனங்கள் காற்று கொண்டுபோய் விட்ட இடத்தில் எல்லாம் முளைத்துவிடாது.

நீலகிரியிலும் பழனி மலையிலும் மழைக்காலத்தின் பிற்பகுதியில் புல்வெளியில் இளஞ்சிவப்புக் கதிராகப் பூக்கும் சட்டீரியத்தைப் பார்த்தால் இந்தப் பயணத்தின் ஒரு தடம் கிடைக்கும். இந்தப் பேரினத்தில் சுமார் தொண்ணூறு இனங்கள். கிட்டத்தட்ட எல்லாமே ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும். இந்தியப் பக்கம் வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெரும்பாலான ஆர்க்கிட் மொட்டுகள் விரிவதற்கு முன் காம்பை அரைச் சுற்று முறுக்கி, உதட்டிதழைக் கீழே கொண்டுவந்து பூச்சிக்குத் திண்ணை போட்டுவைக்கும். சட்டீரியம் முறுக்கிக்கொள்வதில்லை. உதட்டிதழ் மேலேயே முக்காடு போல நிற்கும். அதன் பின்னால் இரண்டு தேன்குழல்கள் தொங்கும்.

தென்னிந்தியத் தரை ஆர்க்கிட்டுகளை முதலில் ஒழுங்காகப் படமாக்கியவர்கள் இருவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை சென்னையில் அச்சிட்ட தாவரப் படத்தொகுப்பில் 2,101 படங்கள். அவற்றை வரைந்தவர்களில் முக்கியமான அந்த இருவர் ரங்கையாவும் கோவிந்துவும். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் தாவரவியலாளர்கள் தங்களுக்குள் ஒருவர் பெயரை ஒருவர் செடிகளுக்குச் சூட்டிக்கொள்வதுதான் வழக்கம். வைட் ஒரு தரை ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரை வைத்தார்: கோவிந்தூயா. பின்னால் வந்தவர்கள் அது ஏற்கெனவே பெயருள்ள ட்ரோப்பிடியாதான் என்று சேர்த்துவிட்டார்கள். விதிப்படி சரி. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

தரை ஆர்க்கிட்டுக்கு இன்றைய ஆபத்தும் தரையிலிருந்தே வருகிறது. பழனி மலையின் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் வாட்டில், பைன், கற்பூர மரத் தோப்புகளாகவும் விவசாய நிலமாகவும் மாறிவிட்டதை 2018-இல் வந்த ஒரு செயற்கைக்கோள் ஆய்வு காட்டியது. மரம் நட்டால் காடு, காடு என்றால் நல்லது என்ற கணக்கில் புல்வெளிக்கு இடமில்லை. மறுபக்கம் கிழங்கு வேட்டை. துருக்கியில் ஐஸ்கிரீமுக்கும் சூடான பாலுக்கும் கெட்டித்தன்மை தர ஆர்க்கிட் கிழங்கு மாவு. ஒரு கிலோ மாவுக்கு ஆயிரத்துக்கு மேல் கிழங்குகள் போகும். சாம்பியாவில் சட்டீரியம், டிசா கிழங்குகளை இடித்துச் சிக்கண்டா என்ற பண்டம் செய்கிறார்கள். உள்ளூரில் தீர்ந்துபோய்த் தான்சானியாவிலிருந்து வாங்குகிறார்கள். நாமும் சும்மா இல்லை. நாட்டு மருந்துக் கடையில் தாது புஷ்டிக்கு என்று கொடுக்கும் சாலாமிசிரி, இமயமலைப் பக்கத்துத் தரை ஆர்க்கிட்டுகளின் கிழங்கு. இரட்டைக் கிழங்கின் உருவத்தைப் பார்த்துப் பண்டைய கிரேக்கத்திலிருந்தே கிளம்பிய நம்பிக்கை அது. தோண்டியெடுப்பது அடுத்த ஆண்டுச் செடி என்பதை லேகியம் சாப்பிடுகிறவர் அறிவதில்லை.

செடியைக் காப்பாற்ற வேலி போட்டால் போதுமா என்ற கேள்விக்கு 1993-இல் ஒரு எளிய கருவி வந்தது. ஹன்னே ராஸ்முசென், டென்னிஸ் விகாம் இருவரும் விதைகளை மெல்லிய வலைப்பொட்டலத்தில் வைத்துக் காட்டில் புதைத்து, மாதங்கள் கழித்து எடுத்துப் பார்த்தார்கள். முளைத்திருந்தால் அந்த இடத்தில் பூஞ்சை இருக்கிறது. இந்த முறையில் பலர் பல நாடுகளில் தேடியபோது, பூஞ்சை பல இடங்களில் ஆர்க்கிட்டைவிடப் பரவலாக இருப்பது தெரிந்தது. அங்கே குறை பூஞ்சையில் இல்லை, விதை வராததில் இருக்கிறது. வேறு சில இடங்களில் மண்ணே மாறிப்போய்ப் பூஞ்சையும் இல்லை. எது எங்கே என்று பார்க்காமல் செடியை நட்டு வைப்பதில் பயனில்லை.

இங்கிலாந்தின் மஞ்சள் செருப்புப்பூ ஆர்க்கிட் இதற்கு நல்ல சாட்சி. பறித்துப் பறித்தே தீர்த்து, 1917-இல் அழிந்துவிட்டது என்று எழுதினார்கள். 1930-இல் யார்க்‌ஷயரில் ஒரே ஒரு செடி கண்டுபிடிக்கப்பட்டது. இடத்தை ரகசியமாக வைத்து, பூக்கும் பருவத்தில் ஆள் போட்டுக் காவல் காத்தார்கள். கையால் மகரந்தம் சேர்த்து எடுத்த விதைகளை கியூ பூங்காவின் ஆய்வகத்தில் கூழில் முளைக்கவைத்து, நாற்றுகளைப் பழைய இடங்களில் நட்டார்கள். அப்படி நட்டதில் முதலாவது 2000-இல் பூத்தது. அண்மையில் யார்க்‌ஷயரின் நடவு இடம் ஒன்றில், யாரும் நடாமல், புட்டியில் முளைக்காமல், மண்ணிலேயே தானாக முளைத்த ஒரு நாற்றைக் கண்டிருக்கிறார்கள். 1930-க்குப் பிறகு அந்நாட்டில் இதுதான் முதல்முறை.